கட்டுரைகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்: ஆசிரியர் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், ஆசிரியர் தேர்வுக் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

இயற்பியல் துறையின் இணைப் பேராசிரியர் பணியிடத்துக்கு விண்ணப்பித்தவர்களில் எச்-குறியீடு (ஒருவரின் கட்டுரைகள் எத்தனை, அவை பிறரால் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைச் சேர்த்துக் காட்டும் எண்) 12-க்குக் கீழே உள்ளவர்களை நேர்காணலுக்கு அழைக்க வேண்டியதில்லை என்று நீங்கள் எடுத்த முடிவை எதிர்த்து இந்த மடலை எழுதுகிறேன். அந்த முடிவால் வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் அண்டவியலாளர். என்னிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருடைய கட்டுரைகளையும் மற்ற விண்ணப்பதாரர்களின் கட்டுரைகளையும் துறை அறிந்த ஒருவர் படித்துப் பார்த்த பிறகு, யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள் என்று கேட்கிறேன்.

இணைப் பேராசிரியர் பணிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கோருவது முனைவர் பட்டம், எட்டு ஆண்டு அனுபவம், குறைந்தது ஏழு ஆய்வுக் கட்டுரைகள், 75 என்ற ஆய்வு மதிப்பெண் ஆகியவற்றை. இவை அனைத்தும் அவருக்கு உண்டு. எச்-குறியீடு அந்தத் தகுதிப் பட்டியலில் இல்லை. அது நீங்கள் சேர்த்தது. காரணம் கேட்டு நான் எழுதியபோது, விண்ணப்பங்கள் அதிகம், எல்லாக் கட்டுரைகளையும் படிக்க நேரமில்லை, எண்ணை வைத்து வடிகட்டினால் யாருக்கும் பாகுபாடு நேராது என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. முதல் இரண்டு காரணங்கள் எனக்குப் புரிகின்றன. தேர்வுக் குழுக்களில் துறை வல்லுநராக உட்கார்ந்திருக்கிறேன். குவிந்து கிடக்கும் கோப்புகளின் கனம் எனக்குத் தெரியும். மூன்றாவது காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அண்டவியலைப் பொறுத்தவரை அந்த எண் பாகுபாடு அற்றது என்பது உண்மையல்ல என்பதை, எனக்கு நேரில் தெரிந்தவற்றைக் கொண்டு இங்கே விளக்க விரும்புகிறேன்.

எச்-குறியீட்டை 2005ஆம் ஆண்டில் முன்வைத்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பணியாற்றிய ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது பன்னிரண்டு, ஒவ்வொன்றும் பன்னிரண்டு முறைக்குக் குறையாமல் பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் 12-ஐ எட்டிவிட்டார் என்று பொருள். இந்தக் கணக்கின்படி, ஆயிரம் முறை வீதம் மேற்கோள் காட்டப்பட்ட ஐந்தே கட்டுரைகளை எழுதியவரின் குறியீடு 5. இருபது முறை வீதம் மேற்கோள் காட்டப்பட்ட இருபது கட்டுரைகளை எழுதியவரின் குறியீடு 20. அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணியும் இணைப் பேராசிரியர் நிலையும் பெறும் கட்டத்தில் ஓர் இயற்பியலாளரின் குறியீடு 12 அளவில் இருக்கக்கூடும் என்று ஹிர்ஷ் அந்தக் கட்டுரையில் எழுதினார். உங்கள் அறிவிப்பில் உள்ள எண்ணும் அதுவே என்பதால் அங்கிருந்தே எடுக்கப்பட்டது என்று கருதுகிறேன். ஆனால் அதே இடத்தில் அவர், இந்த மதிப்பீட்டின் பிழை வரம்பு பெரியது என்றும், ஒற்றை எண் எதுவும் ஒருவரின் பன்முகப் பணியைத் தோராயமாகக் காட்டுவதற்கு மேல் பயன்படாது என்றும் எழுதியிருக்கிறார். எண்ணை எடுத்துக்கொள்பவர்கள் அந்த எச்சரிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமல்ல.

அண்டவியலில் இந்தக் குறியீடு எப்படி ஏறுகிறது என்பதைத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அண்டத்தின் ஆதிக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவுகளில் அண்டத்தின் வயது போன்ற அளவுருக்களைத் தரும் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அகரவரிசையில் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். இருண்ட பொருளின் அளவையோ அண்டத்தின் வயதையோ ஒரு வரியில் குறிப்பிட வேண்டிய எவரும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதால், அதன் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. அந்த எண்ணிக்கை முழுவதும் கையொப்பமிட்ட ஒவ்வொருவரின் கணக்கிலும் சேர்கிறது. பெரிய வான் அளவைத் திட்டங்கள் சிலவற்றில் கருவியையோ மென்பொருளையோ உருவாக்குவதில் உரிய காலம் உழைத்தவர்களுக்கு, பின்னர் வரும் கட்டுரைகளில் பெயர் சேர்த்துக்கொள்ளும் உரிமை உண்டு. அதில் தவறில்லை, தொலைநோக்கியோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடியவர்களுக்குத் துறை செலுத்தும் நியாயமான மரியாதை அது. ஆனால் அப்படிச் சேர்ந்த குறியீடு 40 என்று காட்டும்போது, அந்த நாற்பதில் எத்தனையை அவர் எழுதினார், எத்தனையை ஒரு முறையாவது முழுமையாகப் படித்தார் என்பதை அந்த எண் சொல்லாது. பென்சிலும் தாளுமாகத் தனியாக உட்கார்ந்து கோட்பாட்டு ஆய்வு செய்பவரின் 9-ஐ அதன் அருகே வைத்து எது பெரிது என்று கேட்பதில் பொருளே இல்லை.

ஆசிரியர் வரிசை பற்றிய விதியும் இப்படித்தான். அதே 2018 ஒழுங்குமுறைகளின்படி ஒரு கட்டுரையை இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் அதன் மதிப்பெண்ணில் 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டோர் எழுதினால் முதல் ஆசிரியருக்கோ முதன்மை ஆசிரியருக்கோ தொடர்பாசிரியருக்கோ (இதழுடன் கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்) 70 விழுக்காடு, மற்றவர்களுக்கு 30 விழுக்காடு. முதலில் நிற்பவரே அதிகம் உழைத்தவர் என்ற வழக்கம் உள்ள துறைகளுக்கு இது பொருந்தலாம். கோட்பாட்டு அண்டவியலிலோ ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது பரவலான வழக்கம். ஈர்ப்பலைகளை, அதாவது வெளியிலும் காலத்திலும் நெளிவாகப் பரவும் அலைகளை, கண்டறிந்ததை 2016ஆம் ஆண்டில் அறிவித்த கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் உள்ளன. அது உலகெங்கும் ‘அபட் மற்றும் பலர்’ என்று மேற்கோள் காட்டப்படுவதற்கு ஆங்கில அகரவரிசை தவிர வேறு காரணம் இல்லை. நம் ஊரில் ஆனந்தி என்று பெயர் வைக்கப்பட்டவருக்கு 70, வசந்திக்கு 30 என்று ஒரு விதி சொன்னால் அதை நீங்கள் ஏற்பீர்களா? மூவராக எழுதிய கட்டுரைகளில் கணக்கின் பெரும்பகுதியைச் செய்த என் மாணவியின் பெயர் எப்போதும் கடைசியில்தான் வந்தது. அப்போது அதை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாகக் கருதவில்லை, கருத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அவர் செய்த ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. 2014ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, தென் துருவத்தில் இயங்கிய பைசெப்-2 தொலைநோக்கிக் குழுவினர், அண்டம் பிறந்த முதல் கணத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் தடத்தை அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சிய அண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் முனைவாக்கத்தில் (அலை அதிரும் திசையில்) கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். சில வாரங்களுக்குள் அதை விளக்கும் கோட்பாட்டுக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் பிளாங்க் குழு வெளியிட்ட தூசு வரைபடமும், 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு குழுக்களும் சேர்ந்து செய்த பகுப்பாய்வும், அந்தச் சமிக்ஞையை நம் பால்வெளியிலுள்ள தூசு வெளிவிடும் கதிர்வீச்சைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று காட்டின. பைசெப் குழுவினர் நேர்மையானவர்கள். தங்கள் முடிவைத் தாங்களே மறு ஆய்வுக்கு உட்படுத்தினார்கள், கருவியை மேம்படுத்தித் தொடர்ந்து உழைத்தார்கள். ஆனால் அந்த 2014 கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் மேல் என்பதும், அதை நம்பி அவசரமாக எழுதப்பட்ட கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டிப் பலருடைய குறியீட்டை உயர்த்தின என்பதும் அப்படியே இருக்கின்றன. கைவிடப்பட்ட முடிவுக்காக எந்தத் தரவுத்தளமும் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை.

என் மாணவி எடுத்துக்கொண்டது அந்தத் தூசை. வானத்தின் ஒரு திசைக்கும் மறு திசைக்கும் இடையே தூசின் வெப்பநிலை எப்படி மாறுகிறது, ஓர் அதிர்வெண்ணில் அளந்த முனைவாக்கத்தை மற்றோர் அதிர்வெண்ணுக்கு எடுத்துச் செல்லும்போது எவ்வளவு பிழை புகுகிறது, அந்தப் பிழை ஆதி ஈர்ப்பலையின் தடம் போலத் தோற்றமளிக்க எவ்வளவு இடம் உண்டு என்பவையே அவருடைய கேள்விகள். இது செய்தித்தாளில் வரும் ஆய்வல்ல. பிறர் பெரிய முடிவு ஒன்றை அறிவிக்கும் முன் தங்கள் தரவைச் சுத்தம் செய்ய உதவும் ஆய்வு. அவர் எழுதிய நிரலைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்திய வெளிநாட்டுக் குழு ஒன்று, கட்டுரையின் இறுதியில் நன்றியுரையில் அவர் பெயரைக் குறிப்பிட்டது. நன்றியுரையை மேற்கோள் தரவுத்தளங்கள் எண்ணுவதில்லை. 2021ஆம் ஆண்டில் பைசெப் மற்றும் தென் துருவத்தில் இயங்கிய கெக் தொலைநோக்கிகளின் குழுவினர் ஆதி ஈர்ப்பலைகளின் வலிமைக்கான மேல்வரம்பை 0.036 என்று இறுக்கியபோது, தூசைப் பிரித்தறியும் கலை ஏழு ஆண்டுகளில் எவ்வளவு முன்னேறியிருந்தது என்பதைத் துறையில் எல்லாரும் உணர்ந்தோம். அந்த முன்னேற்றம் பல நாடுகளில் பலர் பொறுமையாகச் செய்த வேலையின் கூட்டு விளைவு. அத்தகைய வேலையைச் செய்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஒரு விதியை நாம் வைத்துக்கொண்டால், நம் மாணவர்கள் அடுத்த பரபரப்பான அறிவிப்புக்காகக் காத்திருந்து, அதைப் பற்றி முதல் வாரத்தில் கட்டுரை எழுதும் கலையைத்தான் கற்றுக்கொள்வார்கள். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. எந்தத் தலைப்பில் எழுதினால் மேற்கோள் அதிகம் கிடைக்கும் என்று ஆய்வின் முதல் ஆண்டிலேயே கேட்கும் மாணவர்கள் என்னிடம் வரத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்திய அண்டவியலின் மிகப் பெரிய பெயர் ஒன்றை உங்கள் வடிகட்டியில் இட்டுப் பாருங்கள். 1923ஆம் ஆண்டில் பாரிசாலில் பிறந்த அமல் குமார் ராய்சௌத்ரி, கொல்கத்தாவின் அசுதோஷ் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தவர். அங்கே அவருக்குத் தரப்பட்ட வேலை உலோகங்களின் இயல்புகளைப் பற்றியது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலை அவர் ஏறத்தாழத் தனியாளாகவே தொடர வேண்டியிருந்தது. அவரை வாட்டிய கேள்வி இது: அண்டத்தின் விரிவை விளக்கும் ஃபிரீட்மானின் சமன்பாடுகள் அதன் தொடக்கத்தில் அடர்த்தி எல்லையற்றதாகும் என்கின்றன, அண்டம் எல்லாத் திசையிலும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதாக நாம் எளிமைக்காக எடுத்துக்கொண்டதால்தான் அந்த முடிவு வருகிறதா, அல்லது அந்தச் சீர்மை இல்லாவிட்டாலும் வருமா? சீர்மை பற்றிய எடுகோளை அவர் விட்டுவிட்டார். அடுத்தடுத்துச் செல்லும் பொருள்துகள்களின் பாதைகளை ஒரு கற்றையாகக் கருதி, அந்தக் கற்றையின் பருமன் காலத்தோடு எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு சமன்பாட்டை வருவித்தார். பொருளின் அடர்த்தியும் கற்றையின் உருத்திரிபும் அதைக் குவிக்கும். சுழற்சி மட்டுமே அதை எதிர்க்கும். 1953ஆம் ஆண்டில் அனுப்பிய கட்டுரை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழில் 1955ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

அந்தக் கட்டுரையின் முக்கியத்துவத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்த அண்டவியல் ஆய்வாளர்கள் ஹெக்மனும் ஷூக்கிங்கும் உண்டு. 1959ஆம் ஆண்டில் ராய்சௌத்ரி முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது அதன் தேர்வாளர்களில் ஒருவரான அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர் அதைத் தனியே பாராட்டி எழுதினார். 1961ஆம் ஆண்டில் அவர் தாம் படித்த பிரசிடென்சி கல்லூரியிலேயே பேராசிரியரானார்; பல தலைமுறை மாணவர்கள் அவரிடம் இயற்பியல் கற்றார்கள். 1965ஆம் ஆண்டிலும் அதை அடுத்தும் பென்ரோசும் ஹாக்கிங்கும் நிறுவிய ஒருமைப்புள்ளித் தேற்றங்கள் (பொதுச் சார்பியலின் விதிகள் செயலிழக்கும் புள்ளிகள் பற்றியவை) பாதைகள் குவியும் என்ற அந்த முடிவின் மேல்தான் எழுந்தன. 2020ஆம் ஆண்டில் பென்ரோசுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ராய்சௌத்ரி மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று உலகின் எந்த மூலையிலும் பொதுச் சார்பியல் படிப்பவர் ‘ராய்சௌத்ரி சமன்பாடு’ என்ற பெயரைக் கடந்தே ஆக வேண்டும். அதைப் பயன்படுத்தும் பலர் 1955ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள். பாடநூல் ஒன்றைக் காட்டுவார்கள், அல்லது சமன்பாட்டின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மேலே செல்வார்கள். ஒரு முடிவு எல்லாருக்கும் பொதுச் சொத்தாகிவிட்ட பிறகு அதன் மூலக் கட்டுரையின் கணக்கில் எல்லாம் சேர்வதில்லை.

1950களின் இறுதியில் கொல்கத்தாவில் ஒரு தேர்வுக் குழு 12 என்ற எண்ணை வாசலில் நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மதிப்பு தெரிய வந்தது ஹெக்மனும் ஷூக்கிங்கும் வீலரும் அவர் எழுதியதைப் படித்ததால். இந்தியச் சார்பியல் அறிஞர் வைத்யா 1943ஆம் ஆண்டில் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய, கதிர்வீசும் விண்மீனின் ஈர்ப்புப் புலத்தைப் பற்றிய தீர்வு, குவேசார்கள் (மிகத் தொலைவிலுள்ள மிகப் பிரகாசமான வான்பொருள்கள்) கண்டறியப்பட்ட 1960களில்தான் உலகின் கவனத்துக்கு வந்தது. அண்டம் விரிவடைகிறது என்பதை பெல்ஜிய அண்டவியலாளர் லெமெய்த்ர் 1927ஆம் ஆண்டில் பெல்ஜிய இதழ் ஒன்றில் பிரெஞ்சு மொழியில் எழுதினார். 1931ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வரும்வரை அதைக் கண்டவர் மிகச் சிலர். அந்த விரிவைச் சொல்லும், அமெரிக்க வானியலாளர் ஹபிளின் பெயரால் வழங்கிய விதிக்கு லெமெய்த்ரின் பெயரையும் சேர்க்கப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்களித்தது 2018ஆம் ஆண்டில். அண்டவியலில் ஒரு வேலையின் பயன் தெரிவதற்குப் பத்து ஆண்டுகளோ முப்பது ஆண்டுகளோ ஆவது புதிதல்ல.

நம் மாநிலத்துக்கே உரிய இன்னொரு சிக்கல். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். ஆய்விதழ்கள் கடைசிப் பெயர் கேட்கும்போது சிலர் தந்தையின் பெயரை இடுகிறார்கள், சிலர் முன்னெழுத்தையே இடுகிறார்கள், திருமணத்துக்குப் பின் பெண்கள் சிலருக்கு முன்னெழுத்தே மாறுகிறது. தரவுத்தளம் இவர்களை இரண்டு மூன்று ஆட்களாகப் பிரித்துவிடும். ஒரே பெயருடைய இருவரை ஒருவராகவும் சேர்த்துவிடும். என் மாணவியின் கட்டுரைகள் நீங்கள் பயன்படுத்திய தரவுத்தளத்தில் இரு வேறு பெயர்களின் கீழ்க் கிடக்கின்றன. கூகுள் ஸ்காலரும் ஸ்கோப்பஸும் நாசாவின் வானியல் தரவுத்தளமும் அவருக்கு மூன்று வெவ்வேறு குறியீடுகளைத் தருகின்றன. எதை வைத்து, எந்தத் தேதியில் கணக்கிட்டீர்கள் என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை.

எண்ணைக் கைவிட்டால் பரிந்துரையும் பணமும் சாதியும் உள்ளே வரும் என்ற அச்சம் உங்களில் நேர்மையானவர்களுக்கு உண்டு என்பதை அறிவேன். அந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர் நியமனங்களில் நடந்தவற்றை இந்த மாநிலத்தில் எல்லாரும் அறிவோம். ஆனால் அதற்கு மருந்து, படித்தவர் என்ன படித்தார், என்ன கருதினார், ஏன் கருதினார் என்பதை எழுத்தில் பதிந்து விண்ணப்பதாரர் பார்க்கும்படி வைப்பது. மேற்கோள் எண்ணிக்கையை நண்பர்கள் வட்டத்துக்குள் பரிமாறிக்கொண்டு ஏற்றிவிட முடியும். ஒரு கட்டுரையில் கையொப்பத்தை விலைக்கு வாங்கும் சந்தையும் இருக்கிறது. எழுத்துப்பூர்வமான மதிப்பீட்டுக்குத் தம் பெயரோடு பொறுப்பேற்க வேண்டிய ஒருவரைவிட, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத ஓர் எண்ணையே முறைகேடு செய்பவர் விரும்புவார்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. இந்த நியமனத்தில் எச்-குறியீட்டு வரம்பை ரத்து செய்து, அதனால் மட்டுமே விலக்கப்பட்ட அனைவரின் விண்ணப்பங்களையும், என் மாணவியுடையதை மட்டுமல்ல, நேர்காணலுக்கு முன் மீண்டும் பரிசீலியுங்கள். ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமிருந்தும் அவர் தேர்ந்தெடுக்கும் மூன்று கட்டுரைகளை மட்டும் பெறுங்கள். ஒவ்வொன்றிலும் தம் பங்கு என்ன என்று அவர் ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். மூன்றே கட்டுரைகள் என்றால் நேரமில்லை என்ற தடை பெரிதும் நீங்கிவிடும். அவற்றை அதே உட்பிரிவில் பணியாற்றும், பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள இரு வல்லுநர்களாவது படித்து எழுத்தில் கருத்துத் தரட்டும். அந்தக் கருத்து விண்ணப்பதாரருக்கும் கிடைக்கட்டும்.

மேற்கோள் எண்களைத் துணைத் தகவலாகப் பார்க்க விரும்பினால், எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி, எத்தனை ஆசிரியர்கள், முனைவர் பட்டத்துக்குப் பின் எத்தனை ஆண்டுகள், மகப்பேறு போன்ற இடைவெளிகள் உண்டா என்பவற்றோடு சேர்த்து மட்டுமே பாருங்கள். பெயர்ப் பிழைகளைத் திருத்த விண்ணப்பதாரருக்கு வாய்ப்பளியுங்கள். ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் இடும் துறைகளுக்கு 70, 30 என்ற பங்கீடு பொருந்தாது என்று பல்கலைக்கழகத்தின் சார்பில் மானியக் குழுவுக்கு எழுதுங்கள். ஆய்விதழ்களின் தாக்கக் காரணியை (அவற்றின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் எண்ணிக்கையை) வைத்து ஆட்களை மதிப்பிடுவதில்லை என்று உறுதியளிக்கும், 2012ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ஆய்வு மதிப்பீட்டு அறிக்கையில் நம் பல்கலைக்கழகமும் கையொப்பமிடுவது பற்றி அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் விவாதியுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்பதை நேர்காணல் தேதிக்கு முன் பல்கலைக்கழக இணையதளத்தில் எழுத்து வடிவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வல்லுநர் பட்டியல் தயாரிப்பதில் உதவி தேவைப்பட்டால், என் மாணவியின் விண்ணப்பம் தவிர்த்த மற்றவற்றுக்கு, நான் ஊதியமின்றி உதவ அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்